நெடுஞ்சாலை ஓரத்து நாணல்: ஒரே தோற்றம், இரண்டு வம்சம்

ரொறன்ரோவிலிருந்து வின்சர் பக்கமாகவோ மொன்றியல் பக்கமாகவோ 401 நெடுஞ்சாலையில் போய் வந்தவர்கள் இந்தப் புல்லைக் காணாமல் இருந்திருக்க முடியாது. வீதியோரப் பள்ளங்களிலும், மேம்பாலங்களுக்குக் கீழும், கடைத்தொகுதிகளின் பின்னால் மழைநீர் தேங்கும் குட்டைகளிலும் ஆளை விட இரண்டு மடங்கு உயரத்தில் சுவர் போல நிற்கும். ஓகஸ்ட் மாதத்தில் அதன் கதிர் ஊதாவும் கபிலமும் கலந்த நிறத்தில் இருக்கும். பனிக்காலத்தில் எல்லாம் வெள்ளையாகிப் படிந்து கிடக்கும்போது, காய்ந்து வைக்கோல் நிறமாகிய இந்தப் புல் மட்டும் விழாமல் நிமிர்ந்து நிற்கும். காரின் பின் இருக்கையிலிருந்து அதைப் பார்க்கும் எங்கள் அம்மம்மாமார் "நாணல்" என்பார்கள். அது பிழையில்லை. ஊரில் குளக்கரையிலும் ஆற்றங்கரையிலும் வளரும் நாணலின் நெருங்கிய உறவுதான் இது. தாவரவியலில் இதற்குப் பெயர் பிராக்மைற்றிஸ் ஒஸ்ராலிஸ்.

2005ஆம் ஆண்டில் கனடாவின் விவசாய, உணவுத் திணைக்கள ஆய்வாளர்கள் இதனை நாட்டின் மிக மோசமான ஆக்கிரமிப்புத் தாவரம் என்று குறிப்பிட்டார்கள். 2016இல் ஒன்ராறியோ மாகாணம் தனது ஆக்கிரமிப்பு உயிரினச் சட்டத்தின் கீழ் இதனைக் கட்டுப்படுத்தப்பட்ட தாவரமாக அறிவித்தது. இதை இறக்குமதி செய்வதும், விற்பதும், வாங்குவதும், வேண்டுமென்றே வளர்ப்பதும் இப்போது சட்டப்படி குற்றம்.

ஆனால் இதே புல் வட அமெரிக்காவில் பல்லாயிரம் ஆண்டுகளாக இருந்து வந்திருக்கிறது. அப்படியானால் சுதேசப் புல் ஒன்று எப்படி ஆக்கிரமிப்பாளன் ஆனது? இந்தக் கேள்விக்கு விடை காண விஞ்ஞானிகளுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது. விடை கிடைத்த இடம் சதுப்பு நிலம் அல்ல. உலர்த்தி ஒட்டி வைத்த பழைய தாவரத் தாள்களிலிருந்துதான் அது கிடைத்தது.

பழைய தாள்கள் சொன்ன கதை

வட அமெரிக்காவின் தென்மேற்கில் குகைகளில் கிடைத்த, அழிந்துபோன பெரிய ஸ்லோத் விலங்குகளின் 40,000 ஆண்டு பழைய எச்சத்தில் இந்த நாணலின் துண்டுகள் இருந்தன. நியூ இங்கிலாந்துக் கரையோரச் சதுப்புகளில் துளையிட்டு எடுத்த மண்ணில் 3,000 ஆண்டுகளுக்கு முந்திய வேர்கள் கிடைத்தன. அந்த மண்ணின் முதற்குடி மக்கள் இதன் தண்டை அம்புக்கும், பாய் முடையவும் பயன்படுத்தினார்கள். எனவே புல் புதியதல்ல என்பதில் ஐயம் இல்லை.

ஆனால் கடந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் அதன் நடத்தை மாறிவிட்டது. மற்றத் தாவரங்களுடன் கலந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்ற புல், திடீரென்று தான் மட்டுமே நிற்கும் காடாகியது. சிலர் மாசடைந்த நீரைக் காரணம் சொன்னார்கள். சிலர் வெளியிலிருந்து வேறு ஏதோ ஒரு வகை வந்து கலந்திருக்க வேண்டும் என்று சந்தேகித்தார்கள். வெளித்தோற்றத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியவில்லை.

2002இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த கிறிஸ்ரின் சோல்ரன்ஸ்ரோல் இதனை மரபணு வழியாக அணுகினார். அவர் பார்த்தது பச்சையவுருமணியின் டி.என்.ஏயை. ஊரில் உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு அந்தச் சொல் நினைவிருக்கும். இலைக்குப் பச்சை நிறம் தருவதும் சூரிய ஒளியில் உணவு தயாரிப்பதும் அதுதான். அதற்கென்று தனியான ஒரு சிறு டி.என்.ஏ உண்டு. புற்களில் அது தாய்த் தாவரத்திலிருந்து மட்டுமே பிள்ளைக்குப் போகும். மட்டக்களப்பில் குடி தாய்வழியாக வருவதைப் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். தகப்பன் எந்தக் குடியாக இருந்தாலும் பிள்ளையின் குடி தாயின் குடிதான். ஆகவே அந்த டி.என்.ஏயைப் படித்தால் ஒரு புல் எந்தத் தாய்வழியில் வந்தது என்று சொல்லிவிடலாம்.

உலகெங்கும் இருந்து சேர்த்த மாதிரிகளில் 27 தாய்வழிகளை அவர் பிரித்து எடுத்தார். அவற்றில் 11 வட அமெரிக்காவுக்கே உரியவை, வேறெங்கும் இல்லாதவை. இவற்றை விட ஐரோப்பாவிலும் ஆசியக் கண்டத்திலும் பரவலாக உள்ள ஒரு வழியும் இருந்தது. அதற்கு அவர் இட்ட குறியீடு 'எம்'.

அடுத்து அவர் உலர்தாவரச் சேகரிப்புகளைத் திறந்தார். பல்கலைக்கழகங்களிலும் அருங்காட்சியகங்களிலும், எங்கே எந்த நாளில் பிடுங்கியது என்ற குறிப்புடன் ஒட்டி வைக்கப்பட்டிருந்த செடிகள் அவை. 1910க்கு முன் சேகரித்த நாணல் துண்டுகளின் டி.என்.ஏயையும் இன்றைய நாணலின் டி.என்.ஏயையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விடை தெரிந்தது. பழைய தாள்களில் பெரும்பாலும் சுதேச வழிகள் இருந்தன. இன்று அதே இடங்களில் நிற்பது 'எம்'. நியூ இங்கிலாந்தில் பழைய வழிகள் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டன. ஒரு தாவரம் போய் இன்னொன்று வந்து குடியேறியிருக்கிறது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்ததால் நூறு ஆண்டுகளாக யாருக்கும் தெரியவில்லை. விஞ்ஞானிகள் இதை மறைவான படையெடுப்பு என்கிறார்கள்.

2004இல் வட அமெரிக்காவின் பழைய நாணலுக்கு அமெரிக்கானஸ் என்று தனி உப இனப் பெயர் கொடுக்கப்பட்டது. நூறு ஆண்டுகளாகப் பக்கத்து வீட்டுக்காரனின் பெயரில் அழைக்கப்பட்ட ஒன்றுக்குத் தன் சொந்தப் பெயர் கிடைத்தது.

இரண்டையும் பிரித்து அறிவது எப்படி?

அடையாளம் தெரிந்த பின் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஒரு குறியை மட்டும் நம்பக் கூடாது. பலவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தண்டு: சுதேச நாணலின் தண்டு வழுவழுப்பாகப் பளபளக்கும், அடிப்பகுதி செம்பழுப்பாக இருக்கும். வந்த நாணலின் தண்டு மங்கலான மணல் நிறம், தடவினால் சொரசொரக்கும்.

இலையுறை: தண்டைச் சுற்றியிருக்கும் இலையின் அடிப்பகுதி, சுதேச நாணலில் பருவம் முடிய இலகுவாகக் கழன்று விழுந்துவிடும். மற்றதில் பனிக்காலம் முழுவதும் இறுக ஒட்டியிருக்கும்.

இலை: ஒன்று மஞ்சள் கலந்த பச்சை, மற்றது நீலம் கலந்த பச்சை.

கதிர்: ஒன்றில் ஐதாக இருக்கும், மற்றதில் அடர்ந்து பருத்திருக்கும்.

உயரமும் நெருக்கமும்: சுதேச நாணல் இரண்டு மீற்றரைத் தாண்டுவது குறைவு, மற்றச் செடிகளுக்கும் இடம் விட்டு நிற்கும். வந்தது ஐந்து மீற்றர் வரை உயரும். ஒரு சதுர மீற்றரில் 200 தண்டுகள் வரை நிற்கும்.

இந்தக் கடைசி எண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு சாப்பாட்டு மேசையின் அளவான நிலத்தில் 200 தண்டுகள் என்றால், அங்கே வேறொன்று முளைக்க வெளிச்சம் எங்கிருந்து வரும்?

வீதி போட்டுக் கொடுத்தவர்கள் நாங்கள்

'எம்' வழி நாணல் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ அத்திலாந்திக் கரையில் வந்து இறங்கியிருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. அந்தக் காலத்தில் சரக்கில்லாத கப்பல்கள் நிலை தடுமாறாமல் இருக்க மண்ணையும் கல்லையும் அடியில் ஏற்றி வரும். போய்ச் சேர்ந்த துறைமுகத்தில் அதை வெளியே கொட்டுவார்கள். அந்த மண்ணோடு வேரோ விதையோ வந்திருக்கலாம்.

வந்தவுடன் அது பரவிவிடவில்லை. கியூபெக் மாகாணத்தில் நடந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அங்கே இந்த வழி 1916இலேயே இருந்தது. ஆனால் 1970களுக்கு முன் அது அரிதான புல். சென் லோறன்ஸ் ஆற்றோரத்தை விட்டு அதிகம் விலகவில்லை. அதன் பிறகு நாட்டின் உட்பகுதி எங்கும் பரவியது. அந்த இடைக்காலத்தில் மாகாணத்தில் நடந்த பெரிய மாற்றம் நெடுஞ்சாலைகள் போடப்பட்டதுதான். 2003இல் அந்த நெடுஞ்சாலைகளை ஒரு கிலோமீற்றர் துண்டுகளாகப் பிரித்துப் பார்த்தபோது, மூன்றில் இரண்டு துண்டுகளில் நாணல் நின்றது. மரபணு பார்த்த கூட்டங்களில் ஏறக்குறைய எல்லாமே வந்த வழியைச் சேர்ந்தவை.

வீதியோரப் பள்ளம் இந்தப் புல்லுக்கென்றே செய்து கொடுத்த வீடு போன்றது. அங்கே வெயில் உண்டு, ஈரம் உண்டு, புதிதாகக் கிளறிய வெறும் மண் உண்டு. பனிக்காலத்தில் வீதிக்குக் கொட்டும் உப்பு உருகி அங்கேதான் வடிகிறது. மற்றப் புற்கள் அந்த உப்பில் கருகிப் போகும். 'எம்' நாணல் சுதேச நாணலை விடவும் உப்பைத் தாங்கும். பக்கத்து வயல்களிலிருந்து வடியும் பசளையும் அதற்கு உணவாகிறது. பள்ளம் வெட்டித் துப்புரவாக்கும் இயந்திரத்தின் வாளியில் ஒட்டிய வேர்த்துண்டு அடுத்த பள்ளத்துக்குப் போகிறது. தோட்டத்தில் கோரை பிடுங்கியவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மண்வெட்டியால் கொத்தக் கொத்த, கிழங்கு துண்டாகி இன்னும் பல இடங்களில் முளைக்கும். இங்கே மண்வெட்டிக்குப் பதிலாகப் பெரிய இயந்திரம், அவ்வளவுதான்.

பேரேரிகளின் நீர்மட்டம் 1990களின் இறுதியில் தாழ்ந்தபோது இன்னொரு வாசலும் திறந்தது. கரையோரத்தில் புதிதாக வெளிவந்த சேற்று நிலத்தில் விதைகள் முளைத்தன. ஈரி ஏரிக்குள் நீண்டிருக்கும் லோங் பொயின்ற் என்ற மணல்திட்டின் சதுப்புகளில் 1995இல் 18 ஹெக்டெயரில் நின்ற நாணல், 1999இல் 137 ஹெக்டெயரை மூடியது. வெறும் நான்கு ஆண்டுகளில்.

வாழைக்குட்டியும் விதையும்

நாணல் இரண்டு விதமாகப் பெருகும். ஒன்று, நிலத்தின் கீழ் ஓடும் வேர்த்தண்டு மூலம். இது வாழை குட்டி போடுவதைப் போன்றது. எத்தனை குட்டி வந்தாலும் எல்லாம் தாயின் பிரதியே, மரபணுவில் மாற்றமில்லை. ஒரு குட்டையை நிறைத்து நிற்கும் ஆயிரக்கணக்கான தண்டுகள் உண்மையில் ஒரே ஒரு தாவரமாகக்கூட இருக்கலாம். மற்றது விதை. காற்றில் மகரந்தம் போய், பஞ்சு கட்டிய சிறு விதைகள் காற்றிலும் நீரிலும் போகும்.

நீண்ட காலம் விஞ்ஞானிகள் முதலாவது வழியையே பெரிதாக எண்ணினார்கள். விதை அநேகமாகப் பதராகத்தான் இருக்கும், முளைக்காது என்பது பொதுவான நம்பிக்கை. தாய்வழி டி.என்.ஏயை வைத்து இதைச் சோதிக்க முடியாது. எல்லாமே 'எம்' என்றுதான் காட்டும். ஒரே குடியைச் சேர்ந்த நூறு பேரில் யார் யாருடைய பிள்ளை என்பதைக் குடிப் பெயர் சொல்லாது அல்லவா? அதற்குக் கலத்தின் கருவில் உள்ள, தாயும் தகப்பனும் சேர்ந்து கொடுத்த டி.என்.ஏயைப் பார்க்க வேண்டும். மனிதரில் உறவுமுறையை உறுதிப்படுத்தச் செய்யும் அதே மாதிரியான பரிசோதனை.

அப்படிப் பார்த்தபோது, கியூபெக்கிலும் அமெரிக்காவின் செசபீக் குடாவிலும் ஒரேவிதமான விடை வந்தது. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் கூட்டங்கள் வெவ்வேறு தாவரங்களாக இருந்தன. புதிய கூட்டங்களில் பெரும்பகுதி வேர்த்துண்டில் அல்ல, விதையில் தொடங்கியவை.

செசபீக் குடாவில் ஸ்மித்சோனியன் சூழலியல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவர்கள் மேலும் ஒன்றைக் கண்டார்கள். ஒரே தாவரம் மட்டும் நிற்கும் கூட்டம் தன் மகரந்தத்தைக் கொண்டு நல்ல விதை போடுவது குறைவு. இரண்டு, மூன்று, நான்கு வெவ்வேறு தாவரங்கள் கலந்து நின்றால் முளைக்கும் விதையின் அளவு கூடுகிறது. அதாவது, முதலில் வரும் ஒற்றைப் புல் பல ஆண்டுகள் மெதுவாகக் குட்டி போட்டுக்கொண்டு கிடக்கும். எங்கிருந்தோ இரண்டாவது ஒன்று வந்து சேரும். இரண்டும் கலந்து நல்ல விதை போடும். அந்த விதையிலிருந்து வரும் புதிய கலப்புகள் இன்னும் அதிகம் விதை போடும். வெளியில் நின்று பார்ப்பவருக்கு அது ஐம்பது ஆண்டுகள் தூங்கிவிட்டுத் திடீரென்று விழித்தது போலத் தெரியும்.

இந்த ஒரு கண்டுபிடிப்பு, என்ன செய்ய வேண்டும் என்பதையே மாற்றிவிடுகிறது. சின்னதாகத் தனியே நிற்கும் கூட்டத்தை "இது என்ன செய்துவிடப் போகிறது" என்று விட்டுவைப்பதுதான் பெரிய பிழை. இரண்டாவது தாவரம் வந்து சேருமுன் அதை எடுத்துவிட்டால் வேலை இலகு. பரவிய பிறகு பல இலட்சம் டொலர் செலவிட்டும் முழுதாக அகற்ற முடிவதில்லை.

இன்னொரு மரபணு உண்மையையும் சொல்ல வேண்டும். 2018இல் செக் நாட்டு, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, பரவும் நாணலின் மரபணுத் தொகுதி சுதேச நாணலினதை விடச் சிறியது என்று காட்டியது. மரபணுத் தொகுதி சிறிதானால் கலம் பிரியும்போது பிரதி எடுக்க வேண்டிய அளவும் குறையும். வேகமாக வளர அது உதவும் என்பது பொதுவான விளக்கம். இரண்டு நாணல்களும் எங்காவது கலந்தனவா என்றால், பெரும்பாலும் இல்லை. பூக்கும் காலம் சற்று வேறுபடுவதும் ஒரு காரணம். ஆனாலும் நியூயோர்க் மாநிலத்திலும் நெவாடாவிலும் கலப்புத் தாவரங்கள் பதிவாகியிருக்கின்றன. கலப்புக் கூடினால், சுதேச நாணல் வெட்டப்படாமலே அடையாளம் இழந்து போகக்கூடும்.

இழப்பு யாருக்கு?

சதுப்பு என்பது நீரும் சேறும் செடிகளும் இடைவெளிகளும் சேர்ந்த இடம். நாணல் நிறைந்தால் இடைவெளி இல்லாமல் போகிறது. கனடாவில் ஈரி ஏரிக் கரையில் மட்டும் வாழும் பவுலர் தேரை முட்டையிடத் தேடுவது ஆழமில்லாத, வெயில் படும் திறந்த நீரை. நாணல் அதை மூடியதால் லோங் பொயின்றில் அந்தத் தேரைகளின் தொகை குறைந்தது என்று ஆய்வு காட்டியது. ஆமைகளுக்கு முட்டையிட வெயில் காயும் வெறும் மணல் வேண்டும். அங்கே நாணல் நிழலும் வேரும் பரவுகின்றன. மனிதருக்கும் தொல்லை உண்டு. பள்ளங்களில் நீர் வடியாமல் தேங்குகிறது. சந்திகளில் எதிரே வரும் வாகனம் மறைகிறது. காய்ந்த தண்டுகள் வசந்தத்தில் இலகுவில் தீப்பிடிக்கின்றன.

அதே புல், அதன் சொந்த வீட்டில்

பிரித்தானியாவிலோ யேர்மனியிலோ சுவிற்சர்லாந்திலோ இருந்து இதை வாசிப்பவர்கள் குழம்பக்கூடும். உங்கள் ஊர் ஏரிக்கரையில் நிற்கும் நாணலைச் சுற்றி வேலி கட்டிப் பாதுகாக்கிறார்களே என்று நினைப்பீர்கள். ஆம், அங்கே இது பாதுகாக்கப்பட வேண்டிய புல். இங்கிலாந்தின் நோர்போக் பகுதியில் இன்றும் இந்த நாணலை அறுத்து வீட்டுக் கூரை வேய்கிறார்கள், நாங்கள் கிடுகால் வேய்ந்தது போல. நாணலுக்குள் மறைந்து வாழும் பிட்டர்ன் என்ற கொக்கினப் பறவையில், 1997இல் பிரித்தானியா முழுவதிலும் கூவும் ஆண் பறவைகள் 11 மட்டுமே எஞ்சின. நாணல் சதுப்புகளை மீண்டும் உருவாக்கித்தான் அதைக் காப்பாற்றினார்கள். மத்திய ஐரோப்பிய ஏரிகள் பலவற்றில் நாணல் பின்வாங்கி வருவது பெரிய கவலை.

ஐரோப்பாவில் இந்தப் புல்லைத் தின்னும் பூச்சிகள் நூற்றுக்கு மேல் உள்ளன. தண்டைத் துளைப்பவை, இலையைச் சுரண்டுபவை, வேரைக் கடிப்பவை என்று அந்த நீண்ட உறவில் புல் தன் அளவோடு நிற்கிறது. கடல் கடந்து வந்தபோது அவற்றில் பெரும்பாலானவை கூட வரவில்லை.

எங்கள் பிள்ளைகள் பள்ளியில் இந்தப் பாடத்தைப் படிக்கிறார்கள். "வெளியிலிருந்து வந்தது, உள்ளூரை அழிக்கிறது" என்ற வசனம் அவர்கள் வாயில் வரும்போது, வந்தேறிகள் என்ற சொல்லை ஊரிலும் கேட்டு, வந்த இடத்திலும் கேட்டவர்களுக்கு மனம் ஒருகணம் சுருங்கும். மனிதரும் புல்லும் ஒன்றல்ல. அந்த ஒப்பீட்டுக்கே இடம் கொடுக்கக் கூடாது. ஆனால் உயிரியல் சொல்வதையும் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லிக் கொடுக்கலாம். வெளியிலிருந்து வந்த தாவரங்களில் மிகச் சிலவே ஆக்கிரமிப்பாகின்றன. ஒன்ராறியோவின் கோதுமையும் அப்பிளும் வெளியிலிருந்து வந்தவைதான். இந்தப் புல்லின் பிறப்பிடம் அல்ல பிரச்சினை. அதை அளவோடு வைத்திருந்த உயிர்கள் கூட இல்லாததும், உப்பும் பசளையும் வெறும் மண்ணுமாக நாங்கள் அதற்கு வழி செய்து கொடுத்ததும்தான் பிரச்சினை.

கட்டுப்படுத்தும் வழிகள்

தரையில் நிற்கும் நாணலை வெறுமனே வெட்டினால் அது இன்னும் அடர்ந்து வரும். உணவுச் சேமிப்பின் பெரும்பகுதி நிலத்தின் கீழே இருக்கிறது. நீருக்குள் நிற்பதை, கோடையில் நீர்மட்டத்துக்குக் கீழே வெட்டினால் பலன் உண்டு. தண்டு வழியாக வேருக்குப் போகும் காற்று நின்று வேர் மூச்சுத் திணறிச் சாகும். லோங் பொயின்றில் 2016 முதல் விசேட அனுமதியுடன் கிளைபோசேற் களைகொல்லி தெளிக்கப்பட்டது. பரந்த இடங்களில் அது வேலை செய்கிறது. ஆனால் ஒருமுறை அடித்துவிட்டு விட முடியாது, ஆண்டுதோறும் திரும்பிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வழி, கூட வராமல் போன பூச்சிகளை அழைத்து வருவது. சுவிற்சர்லாந்திலும் அமெரிக்காவிலும் இருபது ஆண்டுகளாகச் சோதித்த பிறகு, நாணலின் தண்டைத் துளைத்துத் தின்னும் இரண்டு ஐரோப்பிய அந்துப்பூச்சி இனங்களுக்குக் கனடா அனுமதி கொடுத்தது. 2019 முதல் ஒன்ராறியோவில் அவை விடப்படுகின்றன. ரொறன்ரோ பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இந்த வேலையில் இருக்கிறார்கள். அவை சுதேச நாணலையும் தின்றுவிடாதா? அந்தப் பயம் நியாயமானது. விஞ்ஞானிகளிடையே இதுபற்றி விவாதம் நடந்தது. இங்கேதான் முன்னர் சொன்ன இலையுறை உதவிக்கு வருகிறது. இந்தப் பூச்சிகள் முட்டையிடுவது இலையுறைக்கு அடியில். முட்டை அங்கேயே பனிக்காலத்தைக் கழிக்க வேண்டும். சுதேச நாணல் தன் உறையை உதிர்த்துவிடுவதால் முட்டைகளும் கீழே விழுந்து போகின்றன. வந்த நாணல் உறையை இறுகப் பிடித்திருக்கிறது. முட்டைகளும் பத்திரமாக இருக்கின்றன. பூச்சிகள் நாணலை முற்றாக அழிக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அதன் வேகத்தைக் குறைத்தாலே போதும்.

எங்கள் கையில் உள்ளது

நெடுஞ்சாலை முழுவதையும் நாம் துப்புரவாக்க முடியாது. ஆனால் வீட்டு வளவிலும் கோடை விடுமுறைப் பயணத்திலும் செய்யக்கூடியவை உண்டு.

வீதியோரத்து நாணல் கதிர் அழகாக இருக்கிறது என்று கொண்டாட்ட மண்டப அலங்காரத்துக்கு முறித்து எடுத்துப் போகாதீர்கள். பின்னர் வெளியே எறியும் ஒவ்வொரு கதிரிலும் நூற்றுக்கணக்கான விதைகள் இருக்கலாம். ஏரிக்கரைக்கோ சதுப்புப் பூங்காவுக்கோ போய்த் திரும்பும்போது சப்பாத்து, மீன்பிடிச் சாமான், படகு ஆகியவற்றில் ஒட்டிய சேற்றை அங்கேயே கழுவி விடுங்கள். பூந்தோட்டக் கடையில் அலங்காரப் புல் வாங்கினால் அதன் முழுப் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுப் பின்வளவு நீர்க்கரையோடு சேர்ந்திருந்து, அங்கே நாணல் ஒன்றிரண்டு முளைத்திருந்தால், முதலில் அது எந்த வம்சம் என்று தண்டையும் இலையுறையையும் பாருங்கள். செம்பழுப்பு அடியும் கழன்ற உறையும் என்றால் கை வைக்காதீர்கள். அது அருகிவரும் பழைய குடி. சந்தேகம் இருந்தால் படம் எடுத்து, மாகாணத்தின் ஆக்கிரமிப்பு உயிரினத் தகவல் சேவைக்கு அனுப்பலாம். வந்த வம்சம் என்று உறுதியானால், விதை முற்றுமுன் கதிரை வெட்டிக் கறுப்புப் பையில் கட்டி வெயிலில் சில வாரம் வாட விட்டுக் குப்பைக்குக் கொடுங்கள்; பசளைக் குவியலில் போடாதீர்கள். வேரை எடுப்பதற்கும் மருந்து அடிப்பதற்கும் விதிகள் உள்ளன. நகரசபையையோ அப்பகுதிப் பாதுகாப்புச் சபையையோ கேட்டே செய்யுங்கள்.

அடுத்த முறை நெடுஞ்சாலையில் போகும்போது அம்மம்மா "நாணல்" என்றால், பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு போங்கள். வழியில் எங்காவது இறங்கி நடக்க நேர்ந்தால், தண்டைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சொரசொரப்பா, வழுவழுப்பா என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.